ஒமேகா எஸ்: சின்ன அருங்காட்சியகத்துக்கு எவ்வளவு தூரம் உதவும்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஒமேகா எஸ் ஓர் அருங்காட்சியகத்தை நிர்வகிக்கிற மென்பொருள் கிடையாது. எந்தப் பொருள் எந்த அலமாரியில் இருக்கிறது, எது யாருக்கு இரவல் போயிருக்கிறது, எப்போது திரும்பி வர வேண்டும் என்பதையெல்லாம் அது பார்த்துக்கொள்ளும் என்று நினைத்து நிறுவினால் ஏமாற்றம்தான். இருக்கிற பொருள்களை, அவற்றின் கதைகளோடு இணையத்தில் மக்கள் முன் வைப்பதற்காகச் செய்யப்பட்டது அது. அந்த ஒரு வேலையில் அதற்கு நான் தாராளமாகவே மதிப்பெண் போடுவேன்.

நான் இருப்பது முழுக்கத் தன்னார்வலர்களால் நடக்கும் ஒரு சமூக அருங்காட்சியகம். மூடப்பட்ட ஓர் ஆலையில் வேலை செய்தவர்களின் குடும்பங்கள் கொடுத்த பொருள்கள்தான் எங்கள் சேகரிப்பு. பித்தளை அடையாள வில்லைகள், சம்பளச் சீட்டுகள், சங்கத்துக் கொடி, வருகைப் பதிவேடுகள், அப்புறம் படங்கள், படங்கள், படங்கள். சம்பளத்துக்கு ஆள் கிடையாது. அதனால் இந்த மதிப்புரையில் நான் கேட்கிற கேள்வியும் சின்ன இடத்துக்கான கேள்விதான்: பொருளைப் பற்றி ஊர்க்காரர் ஒருவர் வாயால் சொன்ன தகவல், சொன்னவர் பெயரோடும் அவர் சம்மதத்தோடும், நாளைக்கு வரப்போகிறவர் கையில் கிடைக்கிற மாதிரி இதில் பதிவாகுமா?

ஒமேகாவை உருவாக்கியது அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உள்ள ராய் ரோசன்ஸ்வைக் வரலாறு மற்றும் புதிய ஊடக மையம். முதல் வெளியீடு 2008-இல் வந்தது. இப்போது அதை ஒமேகா கிளாசிக் என்கிறார்கள். 2017-இல் வந்த ஒமேகா எஸ் தனியாக எழுதப்பட்ட இன்னொரு மென்பொருள். இரண்டுமே கட்டற்றவை, இலவசம். வரலாற்றுத் துறைக்காரர்கள் செய்தது என்பது பயன்படுத்தும்போதே தெரியும். ஒரு படத்தை ஏற்றப் போனால் இதை எடுத்தது யார், எங்கிருந்து வந்தது, உரிமை யாருடையது என்று கேட்டு நிற்கும். வலைப்பதிவு மென்பொருள்களை வைத்துக் காலம் ஓட்டியவர்களுக்கு இது முதலில் எரிச்சலாக இருக்கும். போகப் போகத்தான் அருமை புரியும்.

கிளாசிக்கில் ஒரு பொருளை ஒரே ஒரு தொகுப்பில்தான் வைக்க முடியும். எஸ்-இல் எத்தனை தொகுப்பில் வேண்டுமானாலும் வைக்கலாம். சங்கத்துக் கொடி ‘துணிகள்’ என்பதிலும் இருக்கலாம், ‘வேலைநிறுத்தம்’ என்பதிலும் இருக்கலாம். ஒரே நிறுவலுக்குள் பல தளங்களும் நடத்தலாம். எங்களிடம் பொதுமக்களுக்கு ஒன்று, பள்ளிப் பிள்ளைகளுக்கு எளிய மொழியில் ஒன்று. இரண்டுக்கும் பின்னால் இருப்பது அதே பதிவுகள்தான், ஓரிடத்தில் திருத்தினால் போதும்.

பதிவுக்கான தலைப்புகள், அதாவது நிரப்ப வேண்டிய கட்டங்கள், பொருள்களை விவரிப்பதற்கான டப்ளின் கோர் என்ற தரநிலையிலிருந்து வருகின்றன. தலைப்பு, படைத்தவர், பேசுபொருள், விவரிப்பு, காலம், உரிமை என்று அடிப்படையில் 15, விரித்த பட்டியலில் இன்னும் நிறைய. அதை அப்படியே ஒரு தன்னார்வலர் முன் வைத்தால் அடுத்த வாரம் அவர் வரமாட்டார். இங்கேதான் ‘வார்ப்புரு’ வசதி கைகொடுக்கிறது. வேண்டிய தலைப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் நம் மொழியில் வேறு பெயர் கொடுக்கலாம், கீழே குறிப்பும் எழுதலாம். நாங்கள் ‘ப்ராவனன்ஸ்’ என்ற தலைப்பை ‘யாரிடமிருந்து வந்தது’ என்று மாற்றி, ‘கொடுத்தவருக்கு இது எப்படிக் கிடைத்தது என்பதையும் கேட்டு எழுதவும்’ என்று குறிப்பு போட்டோம். அந்தக் குறிப்பு வந்த பிறகு வருகிற பதிவுகளின் தரமே வேறு. முன்பு ‘நன்கொடை’ என்று ஒரு சொல்லோடு முடிந்த இடத்தில் இப்போது ‘மாமனார் ஓய்வு பெற்ற அன்று திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்ட வில்லை’ என்று வருகிறது. எதைக் கட்டாயமாக நிரப்ப வேண்டும், எது வெளியே தெரியக்கூடாது என்பதையும் வார்ப்புருவிலேயே சொல்லி வைத்துவிடலாம்.

இந்த மென்பொருளில் எனக்கு மிகவும் பிடித்த வசதி எது என்று கேட்டால், ஒரு குழுப் படத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். நூற்புப் பிரிவில் வேலை செய்தவர்கள் வாசலில் நின்று எடுத்துக்கொண்ட படம். முன்வரிசையில் நாற்காலியில் மேலாளர்கள். அவர்கள் பெயரெல்லாம் அட்டையின் அடியில் அச்சிட்டே இருக்கிறது. பின்வரிசையில் நிற்கும் பெண்களுக்குப் பெயர் இல்லை. அதில் இடமிருந்து நான்காவதாக நிற்பவரை இரண்டு குடும்பங்கள் அடையாளம் காட்டின, இரண்டும் வேறு வேறு பெயர். ஒரு வீட்டில் பாட்டி என்கிறார்கள், இன்னொரு வீட்டில் பெரியம்மா என்கிறார்கள். இரண்டு பேரும் அந்தப் பிரிவில் வேலை செய்தவர்கள்தான்.

காகிதப் பதிவேடாக இருந்தால் யாராவது ஒருவர் பெயரை எழுதி, இன்னொன்றை அடித்திருப்பார்கள். இங்கே ஒரு தலைப்பின் கீழ் எத்தனை மதிப்புகள் வேண்டுமானாலும் கொடுக்கலாம். அதைவிட முக்கியம், ஒமேகா எஸ்-இன் அண்மைப் பதிப்புகளில் ஒவ்வொரு மதிப்புக்கும் தனியாக ஒரு குறிப்பு இணைக்கலாம். முதல் பெயரின் கீழ் ‘பேத்தி சொன்னது, கையில் இருந்த வேறொரு படத்தோடு ஒப்பிட்டு’ என்றும், இரண்டாவதன் கீழ் ‘உடன் வேலை செய்தவர் சொன்னது, நினைவிலிருந்து’ என்றும் இப்போது இருக்கிறது. இரண்டு பெயரும் நிற்கின்றன, எது எவ்வளவு பலமான சான்று என்பதும் தெரிகிறது. பார்வையாளர்கள் இதைக் குழப்பம் என்று நினைப்பார்களோ என்று குழுவில் சிலர் பயந்தார்கள். நடந்தது நேர்மாறு. ஒரே ஒரு பெயரை உறுதியாக எழுதி வைத்த பலகை முன்னால் பேசாமல் நகர்ந்தவர்கள், இரண்டு பெயர் போட்ட இடத்தில் நின்று ‘எங்க வீட்டுல கேட்டுப் பாக்குறேன்’ என்கிறார்கள்.

ஆனால் இதே இடத்தில் ஒரு குறையும் உண்டு. யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற முழு வரலாற்றை ஒமேகா எஸ் தானாக வைத்துக்கொள்வதில்லை. கடைசியாக மாற்றிய தேதி தெரியும், அவ்வளவுதான். பழைய வாசகம் வேண்டுமென்றால் காப்புப் பிரதியில் தேட வேண்டும். பலர் கை வைக்கிற சமூக வரலாற்றுப் பதிவுக்கு இது அடிப்படைத் தேவை என்பது என் கருத்து. நாங்கள் சமாளிப்பது எளிய வழியில்: பெயரோ தேதியோ மாறினால் பழையதை நீக்காமல் வைத்து, குறிப்பில் ‘திருத்தப்பட்டது’ என்று காரணத்தோடு எழுதுகிறோம்.

மக்களிடமிருந்தே தகவல் வாங்க ‘கலெக்டிங்’ என்ற மாட்யூல், அதாவது தனியாகச் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் வசதி, இருக்கிறது. தளத்துக்குள் ஒரு படிவம் போடலாம். படம் அனுப்பலாம், நினைவை எழுதலாம், நிபந்தனைகளை ஏற்கச் சொல்லலாம், பெயர் வெளியே வர வேண்டுமா என்று கேட்கலாம். வருவது உடனே தளத்தில் ஏறிவிடாது, யாராவது பார்த்து ஒப்புதல் கொடுத்தால்தான் ஏறும். இந்த மாதிரி சேகரிப்பில் ஒமேகாவை உருவாக்கிய மையத்துக்குப் பழைய அனுபவம் உண்டு. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் பொதுமக்களின் நினைவுகளையும் படங்களையும் மின்னஞ்சல்களையும் திரட்டிய எண்ணிமக் காப்பகத்தில் அவர்களும் பங்காளிகள். அந்தத் திரட்டில் 1,50,000-க்கும் மேற்பட்டவை சேர்ந்தன.

படிவத்தைத் திறந்து வைத்தால் மக்கள் வந்து குவிவார்கள் என்று மட்டும் நினைக்க வேண்டாம். ‘உங்கள் நினைவுகளைப் பகிருங்கள்’ என்று கேட்டபோது வந்தது வாழ்த்துரைகள். கேள்வியை ‘இரவு ஷிப்ட் முடிந்து எந்த வாசல் வழியாக வெளியே வருவீர்கள்?’ என்று மாற்றிய பிறகுதான் வரலாறு வந்தது. மென்பொருளால் நல்ல கேள்வி கேட்க முடியாது, அது நம் வேலை.

சம்மதம், ரகசியம் என்ற பகுதிக்கு வந்தால், இங்கே நிதானமாக யோசிக்க வேண்டியிருக்கிறது. ஒரு பதிவு முழுவதையும் மறைக்கலாம். ஒரு பதிவுக்குள் ஒரே ஒரு மதிப்பை, உதாரணமாக நன்கொடையாளரைத் தொடர்புகொள்ளும் விவரத்தை மட்டும், பக்கத்தில் இருக்கிற கண் குறியை அழுத்தி மறைக்கலாம். நல்ல வசதிதான். ஆனால் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. பதிவை மறைத்தாலும், அதோடு இணைந்த படக் கோப்பின் நேரடி முகவரி யாருக்காவது தெரிந்திருந்தால், வழக்கமான நிறுவலில் அந்தக் கோப்பு திறக்கும். முகவரி நீண்ட புரியாத எழுத்துக் கோவை என்பதால் யூகித்துக் கண்டுபிடிப்பது கடினம், ஆனால் பூட்டு என்று அதைச் சொல்ல முடியாது. வேலைநிறுத்த நாளில் யார் உள்ளே போனார்கள் என்று பெயர் சொல்லிப் பேசுகிற ஒலிப்பதிவு எங்களிடம் இருக்கிறது. பேசியவர் ‘நான் இருக்கும்வரை வெளியே விடாதீர்கள்’ என்று சொல்லியிருக்கிறார். அது ஒமேகாவுக்குள் மறைத்துக்கூட வைக்கப்படவில்லை, வெளியே தனி வட்டில் இருக்கிறது.

யார் எதைப் பார்க்கலாம் என்பதே உங்கள் சமூகத்தின் முதல் கேள்வி என்றால் முக்குர்டுவையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஆஸ்திரேலியாவின் டெனன்ட் கிரீக் பகுதி வாருமுங்கு மக்களோடு சேர்ந்து வளர்ந்த மென்பொருள் அது. யாருக்கு எந்த அறிவைப் பார்க்க உரிமை உண்டு என்ற சமூக விதிகளை மையமாக வைத்தே கட்டப்பட்டது. ஒமேகா எஸ் அடிப்படையில் எல்லாவற்றையும் எல்லோருக்கும் காட்ட விரும்புகிற பிறவி.

வாய்மொழி வரலாற்றைப் பொறுத்தவரை ஒமேகா சுமார்தான். ஒலியைக் கேட்கலாம், பக்கத்தில் எழுத்தைப் படிக்கலாம், அதற்கு மேல் இல்லை. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோவில் ஒரு மணி நேரம் பதிந்தால் கோப்பு 1 ஜிபியைத் தொடும். அதை மூலப் பிரதியாக வெளியே வைத்துக்கொண்டு, 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக மாற்றினால் மணிக்கு 58 எம்பி அளவில் வரும், தளத்துக்கு அது போதும். அதைக்கூட ஏற்ற முடியவில்லை என்று புலம்புகிறவர்கள், சர்வரில் ஒமேகாவை இயக்குகிற பிஎச்பி மொழியின் அமைப்பைப் பாருங்கள், கோப்பு அளவின் இயல்பான உச்சவரம்பு அதில் 2 எம்பிதான். நீண்ட பேட்டிக்குள் குறிப்பிட்ட இடத்துக்குத் தாவ வேண்டுமானால் கென்டக்கி பல்கலைக்கழகத்தின் நன் வாய்மொழி வரலாற்று மையம் உருவாக்கிய ஓஎச்எம்எஸ் என்ற இலவசக் கருவி இருக்கிறது. நேரக் குறியோடு தலைப்புகளைப் போட்டுக்கொண்டே போகலாம். முழுப் பேட்டியையும் எழுத்தாக்க ஆள் இல்லாத இடங்களுக்கு அது பெரிய வரம்.

தமிழில் தேடுவது பற்றிச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. நம் மொழியில் சொல்லோடு உருபு ஒட்டிக்கொண்டு வரும். பொதுத் தேடலுக்கு அது தெரியாது. ‘ஆலை’ என்று தேடுகிறவருக்கு ‘ஆலையில்’, ‘ஆலைக்கு’ என்று மட்டும் எழுதிய பதிவுகள் சிக்காமல் போகும். மேம்பட்ட தேடலில் ‘இதைக் கொண்டிருப்பது’ என்ற வகையைத் தேர்ந்தெடுத்து, ஈறு மாறாத பகுதியை மட்டும் கொடுத்தால் கிடைக்கும், ஆனால் வருகிற பார்வையாளர் அவ்வளவு தூரம் போகமாட்டார். அதனால் முக்கியச் சொற்களை உருபு இல்லாமல் தனித் தலைப்பின் கீழ், ஒரே எழுத்துக்கூட்டலில் கொடுப்பது என்று வைத்திருக்கிறோம். ‘கஸ்டம் வொக்காப்’ மாட்யூலில் சொற்பட்டியலைப் போட்டுவிட்டால் தட்டச்சுக்கு வேலையே இல்லை, தேர்ந்தெடுத்தால் போதும்.

இன்னொரு தலைவலி பழைய பிடிஎஃப்கள். ஆண்டு மலர்களின் பிடிஎஃப்பை ஏற்றினால் உள்ளே இருக்கிற எழுத்தைப் பிரித்தெடுத்துத் தேட வைக்கிற மாட்யூல் உண்டு. மலர், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய பாமினி எழுத்துருவில் அச்சுக்குக் கோர்க்கப்பட்டதாக இருந்தால் வெளியே வருவது ஆங்கில எழுத்துக் குப்பை. திரையில் அழகான தமிழ், தேடினால் ஒன்றுமில்லை. ஏற்றும் முன்பே யூனிகோடுக்கு மாற்றி, விவரிப்பில் ஒட்டிவிடுங்கள்.

சர்வர் பக்கம். பிஎச்பியும், தரவுத்தள மென்பொருளான மைஎஸ்கியூஎல்லும் ஓடுகிற சாதாரண வாடகை இடமே போதும். ஆனால் காப்புப் பிரதி என்றால் என்ன என்பதை வாடகைக்குக் கொடுப்பவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். எங்கள் இடத்தை முன்பு கவனித்த நிறுவனம் ‘எல்லாம் பேக்கப் இருக்கு’ என்றது. கோளாறு வந்தபோது திரும்பக் கிடைத்தது கோப்புறை மட்டும், தரவுத்தளம் இல்லை. ஒமேகா எஸ் ஏற்றுகிற ஒவ்வொரு கோப்புக்கும் நாம் வைத்த பெயரை எடுத்துவிட்டு, தானே உருவாக்கிய எழுத்துக் கோவையைப் பெயராக வைக்கும். எது யாருடைய படம் என்ற தொடர்பு தரவுத்தளத்தில்தான் இருக்கிறது. அது போனால் மிஞ்சுவது பெயரில்லாத படக் குவியல். நல்லவேளையாக மூலப் படங்கள் எங்கள் பதிவு எண்களோடு வெளி வட்டில் இருந்தன, பதிவுகளை விரிதாள் மாதிரி வரிசை, பத்தியாக வைத்திருக்கும் சிஎஸ்வி கோப்பும் இருந்தது. மறுபடி இறக்குமதி செய்தோம். சிஎஸ்வி இறக்குமதி மாட்யூல் பிரமாதம், பாராட்டத்தான் வேண்டும். பத்தி மாறி இறங்கிவிட்டால் அந்த ஒரு இறக்குமதியை மட்டும் அப்படியே திரும்பப் பெற்றுவிடலாம். தரவுத்தளம், ‘ஃபைல்ஸ்’ கோப்புறை, ‘கான்ஃபிக்’ கோப்புறை மூன்றும் இருந்தால்தான் காப்புப் பிரதி என்று எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

காட்சிக்கூடத்துக்குள் இது என்ன செய்கிறது? காகிதம், துணி, புகைப்படம் போன்ற வெளிச்சம் தாங்காத பொருள்களுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவே போதும் என்பது அருங்காட்சியக வழக்கம். அந்த வெளிச்சத்தில் பின்வரிசை முகங்களை வயதானவர்களால் பார்க்க முடியாது. அதனால் மூலப் படத்தைப் பெட்டியில் இருட்டில் வைத்துவிட்டு, பெரிதாக்கிய நகலைச் சுவரில் மாட்டினோம். பக்கத்துப் பலகையில் நாலைந்து வரி, கீழே கியூஆர் குறி. பலகையில் எல்லாவற்றையும் எழுதித் தள்ள வேண்டிய கட்டாயம் போய்விட்டது, அதற்காகவே குழுவில் நடந்துகொண்டிருந்த சண்டையும் நின்றது. ஒரு எச்சரிக்கை: ஒமேகா எஸ் தானாகச் செய்கிற பெரிய நகலின் நீளப் பக்கம் இயல்பாக 800 பிக்சல்தான். கூட்டமாக நிற்கிற படத்தில் முகம் தேடுகிறவருக்கு அது பத்தாது, அமைப்பில் கூட்டி வையுங்கள்.

சரி, பொருள்களின் கணக்குக்கு என்ன செய்வது? தடித்த அட்டை போட்ட கட்டுப் பதிவேடுதான். ஆண்டு, அந்த ஆண்டில் எத்தனையாவது நன்கொடை, அதில் எத்தனையாவது பொருள் என்று மூன்று பகுதியாக எண் போடுகிறோம், 2019.4.12 என்கிற மாதிரி. அதே எண் பொருளின் மேலும், ஒமேகாவின் அடையாள எண் தலைப்பிலும். பிரிட்டனின் கலெக்‌ஷன்ஸ் டிரஸ்ட் வெளியிடும் ஸ்பெக்ட்ரம் தரநிலை, பொருள் உள்ளே வருவது தொடங்கி வெளியே போவதுவரை ஒன்பது முதன்மை நடைமுறைகளைச் சொல்கிறது. அவற்றில் விவரப் பட்டியலாக்கம் ஒன்றைத்தான் ஒமேகாவால் சுமக்க முடியும். இரவல், இடமாற்றம் எல்லாம் மென்பொருளிலேயே வேண்டும் என்றால் கலெக்டிவ்ஆக்சஸ் பக்கம் போகலாம், அதுவும் கட்டற்றது. ஆனால் அமைத்துக் கொடுக்க விவரமான ஆள் வேண்டும், கற்றுக்கொள்ளவும் நேரம் பிடிக்கும்.

உங்கள் குழுவில் சர்வரைத் தொடத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லையென்றால் ஒமேகா எஸ்-ஐ இப்போது நிறுவ வேண்டாம். ஒரு விரிதாளைத் திறந்து பதிவு எண், தலைப்பு, யாரிடமிருந்து வந்தது, தகவல் சொன்னவர், வெளியிடச் சம்மதமா, கோப்பின் பெயர் என்று பத்திகள் போட்டு நிரப்ப ஆரம்பியுங்கள். விரிதாளின் ஒரே கட்டத்துக்குள் இரண்டு பெயர் வந்தால் நடுவில் செங்குத்துக் கோடு போட்டு இரண்டையும் எழுதுங்கள். இறக்குமதி செய்யும்போது அந்தக் கோட்டைப் பிரிப்பானாகக் கொடுத்தால் ஒமேகா அவற்றைத் தனித்தனி மதிப்புகளாக எடுத்துக்கொள்ளும்.